எம்ஜிபி வாங்கும் முன்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடும் புதியவருக்கு

மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், பிறகு சுழி, பிறகு நடை. கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை பேசுகிறவரைக் கண்டு ஊரே சிரிக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்துவிட்டால் மட்டும் நாம் எல்லோரும் கொம்பின் வண்ணத்தில் மயங்கிவிடுகிறோம். இங்கிலாந்துக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து என் முதல் எம்ஜிபியை, எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் காரை, நான் வாங்கியது அப்படித்தான். 1972-ல் செய்த சிவப்பு வண்டி. குரோம் பம்பரில் முகம் பார்க்கலாம். விலை 5,500 பவுண்டு. ஆறு வாரம் கழித்து, பக்கத்து ஊர்ப் பட்டறையில் வண்டியை மேலே ஏற்றிய பெரியவர், கதவுக்குக் கீழே ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. உள்ளே இருந்தவை கம்பி வலையும் ஓட்டையை அடைக்கும் பட்டியும், அவற்றின்மேல் தடிமனான கறுப்புப் பூச்சும்தான். வெல்டிங்குக்கும் பெயின்டுக்கும் ஆன செலவு வண்டியின் விலையைத் தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இரண்டாவதாக வாங்கிய எம்ஜிபி இன்னும் என் வீட்டில் இருக்கிறது, ஓடுகிறது. முதல் வண்டிக்கும் இதற்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். பிரிட்டனில் இருந்துகொண்டு முதல் முறையாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

ஏன் எம்ஜிபி?

ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி. 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் உதிரி பாகங்களுக்கு இன்றைக்கும் பஞ்சமில்லை. முழு உடலையே புதிதாக வாங்கலாம்: பழைய அச்சுகளைக் கொண்டு 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபியின் உடற்கூட்டைச் செய்து விற்கிறது. எஞ்சின் 1798 சிசி, 95 குதிரைத் திறன். மணிக்கு 100 மைலைச் சற்றே தாண்டும். இன்றைய குடும்பக் கார்கள் இதைச் சிரமமில்லாமல் முந்திக்கொண்டு போகும். போகட்டும்.

நமக்கு இதில் ஓர் உறவும் உண்டு. நம் ஊர் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இதே பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. போனட்டைத் திறந்து காட்டினால், அம்பாசிடரில் கை பழகிய மெக்கானிக் எவரும் ஐந்து நிமிடத்தில் உறவுக்காரனை அடையாளம் கண்டுகொள்வார். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கம்ப்யூட்டர் கிடையாது.

எந்த எம்ஜிபி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். பார்த்த பிறகு முடிவு செய்தால், முடிவு செய்வது கண்ணாக இருக்கும்.

முதல் கேள்வி, திறந்த வண்டியா, கூரை உள்ள ஜிடியா? திறந்த கூரை ரோட்ஸ்டர் 1962-ல் வந்தது. பின்கதவு வைத்த ஜிடி 1965-ல் வந்தது. அதன் கூரையை வடிவமைத்ததில் இத்தாலியின் பினின்ஃபரீனாவுக்குப் பங்குண்டு. ஒரே தரத்தில் இரண்டும் நின்றால் ஜிடியின் விலை எப்போதும் குறைவு. மழைநாட்டில் இது எனக்கு இன்னும் புரியாத புதிர். கூரை இருப்பதால் உடல் விறைப்பாக இருக்கும், பின்னால் பைகள் வைக்கலாம், ஜனவரியிலும் ஓட்டலாம். பணம் குறைவாக இருக்கிறவர் முதலில் ஜிடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் உங்கள் கனவில் வருவது கூரை இல்லாத வண்டி என்றால் என் பேச்சைக் கேட்டு ஜிடி வாங்காதீர்கள். ஒரே வருடத்தில் விற்றுவிடுவீர்கள்.

இரண்டாவது கேள்வி பம்பர். அமெரிக்க விதிகளுக்காக 1974 செப்டம்பரில் குரோம் பம்பரை எடுத்துவிட்டுப் பெரிய கறுப்புப் பம்பர்களை மாட்டினார்கள். வண்டியின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கினார்கள். அழகு போயிற்று, வளைவுகளில் சாய்வு கூடிற்று. ஆனால் பிற்கால வண்டிகளில் வேறு நன்மைகள் உண்டு. நீண்ட சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் 1975-க்குப் பிறகு கூடவே வந்தது. பின்பக்கத்து ஆன்டி ரோல் பார் 1977 மாடலில் சேர்ந்து, சாய்வு கணிசமாகக் குறைந்தது. கறுப்புப் பம்பர் வண்டிகள் விலையில் மலிவு. அந்தக் காலத்து இருக்கைத் துணியில் கடற்கரைச் சாய்வு நாற்காலியைப் போலக் கோடு போட்டிருக்கும். பிடிக்காதவர்கள் நிறையப் பேர், எனக்குப் பிடிக்கும்.

ஆறு சிலிண்டர் எம்ஜிசியும் (1967 முதல் 1969 வரை), 3.5 லிட்டர் வி8 ஜிடியும் (1973 முதல் 1976 வரை) தனிச் சாதி. வி8 வெறும் 2,591 வண்டிகள்தான் செய்தார்கள். முதல் வண்டியாக இவற்றின் பக்கம் போக வேண்டாம். 1964 அக்டோபருக்கு முந்தைய, எஞ்சினில் மூன்றே பேரிங் உள்ள வண்டிகளும் சேகரிப்பாளர்களுக்குத்தான். பழகுகிறவருக்கு ஏற்றவை 1967-க்குப் பிந்தையவை. உரசலில்லாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோ, முதல் கியருக்கும் அந்த வருட இறுதியில்தான் வந்தது. பழைய டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்ததும் அப்போதுதான்.

கையில் இருப்பதை முழுவதும் வண்டிக்குக் கொடுக்காதீர்கள்

விலைக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் புதியவர்கள் மூழ்குகிறார்கள். என் கணக்கு எளியது. கையில் உள்ள மொத்தப் பணத்தில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் வண்டிக்குப் போகக் கூடாது. 12,000 பவுண்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் 8,500-க்கு மேல் உள்ள விளம்பரத்தைத் திறக்கவே வேண்டாம். மீதியில் 2,500 முதல் வருடத்துப் பழுதுக்கு. 1,000 இன்சூரன்ஸ், டயர், கருவிகள், மேலுறை போன்றவற்றுக்கு.

எவ்வளவு நல்ல வண்டியானாலும் அந்த 2,500 போகும். விற்கிறவர் விற்க முடிவு செய்த நாளிலிருந்து பணம் போடுவதை நிறுத்தியிருப்பார். பிரேக் குழாய், தண்ணீர்க் குழாய், பேட்டரி, டயர் எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும். டயரில் பள்ளம் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் காட்டும். 2309 என்று இருந்தால் அது 2009-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். வருடத்துக்கு 500 மைல் ஓடிய வண்டியில் பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும்.

கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை. பாகத்தின் விலை அதிகமில்லை. ஆனால் அதை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். பட்டறைக் கூலி மணிக்கணக்கில் ஏறும். ஆகவே ஒவ்வொரு குறையையும் பார்க்கும்போது பாகத்தின் விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணி நேர வேலை என்றும் கேளுங்கள். எம்ஜிபியில் எந்திரப் பாகங்கள் மலிவு, வெல்டிங்கும் பெயின்டும் விலை அதிகம். அதனால் எஞ்சின் புகை விட்டாலும் உடல் நன்றாக உள்ள வண்டியை வாங்கலாம். எஞ்சின் பாட்டுப் பாடினாலும் உடல் அரித்த வண்டியை வாங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

வீட்டில் உட்கார்ந்தபடியே பாதி வண்டிகளைக் கழித்துவிடலாம்

விளம்பரத்தில் நம்பர் பிளேட் தெரிந்தால் அரசின் இணையதளத்தில் அந்த வண்டியின் எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். 2005 முதல் நடந்த சோதனைகள் இருக்கும். தேர்ச்சி பெற்றதா என்பதைவிட ஆய்வாளர் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். ‘அடிப்பகுதி முழுவதும் புதிதாகப் பூசப்பட்டுள்ளது’ என்பது போன்ற வரி கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். அந்தப் பூச்சுக்கு முந்தைய வருடக் குறிப்பில் துரு என்று இருந்தால் கதை முடிந்தது.

ஒரு சிக்கல் உண்டு. 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயமில்லை. எம்ஜிபிகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. பல வண்டிகளின் வரலாறு சில வருடங்களுக்கு முன்பே நின்றுபோயிருக்கும். இருந்தாலும் விரும்பினால் சோதனைக்குக் கொண்டுபோகலாம். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. ‘உங்கள் வண்டிக்குப் புதிய எம்ஓடி எடுத்துத் தர முடியுமா, கட்டணத்தை நான் தருகிறேன்’ என்று போனில் கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் பாதி வண்டி தெரிந்துவிடும். ‘கட்டாயமில்லையே, எதற்கு?’ என்று இழுக்கிறவரின் வீட்டுக்குப் பெட்ரோல் செலவழித்துப் போக வேண்டாம்.

வி5சி என்ற பதிவுப் புத்தகம் விற்கிறவர் பெயரில், அதே முகவரியில் இருக்க வேண்டும். அது உரிமையாளர் என்பதற்குச் சான்று ஆகாது. பதிவு பெற்ற பொறுப்பாளர் யார் என்பதை மட்டுமே சொல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். எனவே அவர் வாங்கியபோது பெற்ற ரசீதையும் கேளுங்கள். வண்டியில் உள்ள எண் தகடு புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் ஜி-எச்-என் என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜி-எச்-டி என்றால் ஜிடி. 1970களின் வண்டிகளில் அதை ஒட்டி யு என்ற எழுத்து வந்தால் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய வண்டி. அதில் தவறில்லை. வறண்ட மாநிலத்தில் இருந்த வண்டியின் இரும்பு இங்கே உப்புத் தூவிய சாலைகளில் ஓடியதைவிட நன்றாகவே இருக்கும். ஸ்டீயரிங்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றிய வேலை எப்படி நடந்தது என்று மட்டும் விசாரியுங்கள்.

நேரில்: மழை இல்லாத பகலில், பழைய சட்டையோடு

ஈரமான பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். மழை பெய்தால் போகாதீர்கள். எடுத்துக்கொண்டு போக வேண்டியவை நான்கு: டார்ச், சிறிய காந்தம் ஒன்றும் அதைச் சுற்ற மெல்லிய துணியும், தரையில் விரிக்க ஒரு பாய், பொறுமையான நண்பர் ஒருவர். நண்பருக்குக் கார் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் மயங்கும்போது ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. உடலே எலும்புக்கூடு. திறந்த வண்டியில் அதன் பாரத்தைத் தாங்குவது கதவுகளுக்குக் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் அடிச்சட்டம். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் வலுவுக்காக வைத்த ஒரு தகடு என்று மூன்று அடுக்கு. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளித்தகட்டில் குமிழ் தெரிகிறபோது உள்ளே மற்ற இரண்டும் போயிருக்கும்.

இதைச் சரியாகச் செய்ய முன்சக்கரத்துக்கு மேலுள்ள இறக்கையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டவர்கள் அரித்த சட்டத்தின் மேலேயே மெல்லிய தகடு ஒன்றை மூடிபோல வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்த வண்டி அதையும்விட மோசம், அங்கே தகடுகூட இல்லை. ஆகவே காந்தத்தைத் துணியில் சுற்றி, அடிச்சட்டத்தின் முழு நீளத்துக்கும் நகர்த்திக்கொண்டே போங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி இருக்கிறது. சக்கர வளைவின் விளிம்பு, இறக்கைகளின் கீழ்மூலை, கதவின் அடிப்பகுதி ஆகிய இடங்களிலும் செய்யுங்கள். 1960களின் வண்டியில் போனட்டில் காந்தம் ஒட்டவில்லை என்றால் பதற வேண்டாம், அது அலுமினியம்.

அடுத்து கதவு இடைவெளி. கதவின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். விற்கிறவரின் அனுமதியோடு, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறி, கதவு இடித்தால் வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள். ‘ஜாக்கி மட்டும் போடாதீர்கள்’ என்று ஒருவர் என்னிடம் கெஞ்சினார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் உடலோடு சேரும் இடம் மூன்றும் முக்கியம். ஸ்பிரிங் பிடிப்பு அரித்திருந்தால் அது ஆபத்து. இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து பேட்டரிப் பெட்டிகளைப் பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே தொங்கின. கண்ணில் படாத இடம், அமிலம் சிந்தும் இடம். அடி இல்லாத பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் சேறு தங்கும் மூலையில் விரலை விட்டுத் துழாவுங்கள். ஈர மண் வந்தால் அது பல குளிர்காலங்களாக அங்கேதான் இருக்கிறது.

கதவில், முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே, தகட்டில் ஒரு வெடிப்பு ஓடுவது எம்ஜிபியின் பிறவிக் குறை. அசிங்கம்தான், ஆபத்தில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

எஞ்சினும் மற்றவையும்

வரும் முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பச் சிரமப்படுகிறது என்று சந்தேகப்படலாம்.

கிளம்பி நன்றாகச் சூடேறிய பின், ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தமானி 50-க்கு மேல் காட்ட வேண்டும். நின்று ஓடும்போது 10 முதல் 25 வரை இறங்குவது இயல்பு. மேல்மூடியிலிருந்து டப்பெட் சத்தம் கடகடவென்று கேட்டால் பயமில்லை, வால்வ் இடைவெளியைச் சரிசெய்தால் போதும். அடியிலிருந்து ஆழமாக வரும் தட்டல்தான் செலவு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். தயிர் போல வெண்மையாக நிறையப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், அல்லது வண்டி சிறு தூரங்களுக்கு மட்டுமே போகிறது. எண்ணெய் கொஞ்சம் சொட்டுவதை இந்த எஞ்சினின் குணம் என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1999 இறுதியோடு நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வ் இருக்கைகள் தேயும் என்பதால், எஞ்சின் தலைப்பகுதியில் கடினமான வால்வ் இருக்கைகள் பொருத்தியிருக்கிறதா, அதற்கு ரசீது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, டேங்கில் ஈயத்துக்கு மாற்றான திரவம் ஊற்றி ஓட்டலாம். பெட்ரோலில் மற்றொரு தொல்லை 2021 செப்டம்பரில் வந்தது: சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10 ஆயிற்று. அது பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். எத்தனால் குறைந்த இ5 என்ற சூப்பர் வகையை மட்டும் போடுங்கள், குழாய்களையும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஒழுகினால் மிச்சம் எதுவும் இருக்காது.

கம்பிச் சக்கரம் உள்ள வண்டியென்றால் ஒரு சோதனை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, நண்பரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ‘டக்’ என்று அசைந்தால் உள்ளே பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரத்தோடு அது அமரும் பகுதியையும் மாற்ற வேண்டும். எனக்குக் கம்பிச் சக்கரத்தில் ஆசை விட்டுவிட்டது. பார்வைக்கு அழகு, துடைத்துப் பார்த்தவருக்குத்தான் அருமை தெரியும்.

ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். விற்கிறவர் சாவி தர மறுத்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாவது போக வேண்டும். மற்றவருடைய வண்டியை ஓட்ட உங்கள் இன்சூரன்ஸில் இடமுண்டா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓவர்டிரைவ் பொத்தானைப் போட்டதும் எஞ்சினின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைய வேண்டும். ‘வயர் விட்டுப்போயிருக்கும், சின்ன வேலை’ என்பார் விற்கிறவர். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் வேலை செய்யாத ஓவர்டிரைவ் உள்ள வண்டி, விலை பேசும்போது ஓவர்டிரைவ் இல்லாத வண்டியே. இரண்டாவது கியரில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். கியர் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸ் செலவு இருக்கிறது. கிளம்பும்போது பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு ‘டங்’ கேட்கும். அநேகமாக எல்லா எம்ஜிபியிலும் கேட்கும். உள்ளே வாஷர்கள் தேய்ந்த சத்தம் அது, வருடக்கணக்கில் அப்படியே ஓடும்.

ஸ்டீயரிங் கனமாக இருந்து, திருப்பிய பின் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு யாரும் கிரீஸ் போடவில்லை. 3,000 மைலுக்கு ஒருமுறை போட வேண்டிய கிரீஸ். அதைச் செய்யாதவர் வேறு எதையும் செய்திருக்க மாட்டார். எந்த அடுக்கு அடுக்கான ரசீதைவிடவும் நான் இந்த ஒரு அடையாளத்தை நம்புவேன்.

விலை பேசுவதும் பணம் கொடுப்பதும்

பார்த்த குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாகமும் கூலியும் சேர்த்துத் தொகை போட்டு, அந்தத் தாளையே மேசையில் வையுங்கள். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வித்தை இங்கே எடுபடாது. எழுதிய கணக்குக்கு மரியாதை உண்டு. அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். ‘இன்னொருவர் மாலையில் வருகிறார்’ என்றால் வரட்டும். 5 லட்சம் வண்டிகளில் ஒன்று போனால் மற்றொன்று.

எட்டாயிரம், பத்தாயிரம் பவுண்டு வண்டிக்கு, எம்ஜிபி தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போய்க் கூலி கொடுப்பது வீண் செலவே அல்ல. 1930 முதல் இயங்கும் எம்ஜி கார் கிளப்பின் உள்ளூர்க் கிளைக் கூட்டங்களுக்கு ஓரிரு முறை போய் வந்தால் அப்படிப்பட்டவர் யார் என்பது தெரிந்துவிடும். சில நேரம் விளம்பரத்துக்கே வராத நல்ல வண்டியும் அங்கே கிடைக்கும். தாத்தா ஒருவர் முப்பது வருடம் வைத்திருந்து, இனிக் குனிந்து ஏற முடியவில்லை என்று விற்ற ஜிடிதான் இப்போது என்னிடம் இருப்பது.

வரி, இன்சூரன்ஸ், லண்டன்

இந்தப் பகுதி மட்டும் நல்ல செய்தி. 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. ஆனாலும் வரலாற்று வாகன வகுப்பில் பதிவாகியிருக்க வேண்டும், வருடந்தோறும் பூச்சிய வரிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். முந்தையவர் செய்திருந்த வரிப் பதிவு உங்களுக்கு மாறாது. ஓட்டி வரும் முன் உங்கள் பெயரில் பதிய வேண்டும். அந்த வகுப்பில் இருந்தால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டன் விதிக்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. நகர நடுவில் உள்ள நெரிசல் கட்டணம் மட்டும் உண்டு. இதைக் குழப்பிக்கொண்டு அபராதம் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

இன்சூரன்ஸில் கேட்க வேண்டியது ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’. வண்டியின் படங்களை அனுப்பி, இது இவ்வளவு பெறும் என்று கம்பெனியோடு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்வது. இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு ஐம்பது வருடப் பழைய கார் என்று சொல்லி ஒரு தொகையைக் கையில் திணிப்பார்கள். வருடத்துக்கு 3,000 மைல் போன்ற வரம்பை ஏற்றுக்கொண்டால் தவணை கணிசமாகக் குறையும். பெரும்பாலான கம்பெனிகள் அன்றாடம் ஓட்ட வேறொரு கார் இருக்கிறதா என்று கேட்கும். வயது 25-க்குள் இருந்தால், வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்னரே இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் முதல் மாதம்

குரோம் பொருள்களும் மரப்பிடி ஸ்டீயரிங்கும் வாங்கக் கை துறுதுறுக்கும். அடக்குங்கள். முதலில் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள்: 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய், பிரேக் திரவம், குளிர்விப்பான் நீர். ரப்பர்க் குழாய் அத்தனையும் புதிது. கார்புரேட்டர்களின் மேல்குப்பியைத் திருகித் திறந்து அதிலும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும், பலர் மறந்துபோகும் இடம் அது. கிங்பின்னில் கிரீஸ் அடிக்கும் முனைகள் எல்லாவற்றிலும், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதியது எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். சிறிய தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். முதல் நூறு மைலை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். ஸ்காட்லாந்துப் பயணம் எங்கும் போய்விடாது.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று ஓர் ஒலி கேட்கும். எஸ்யு பெட்ரோல் பம்பு அது. சில நொடிகளில் கார்புரேட்டர் நிரம்பி ஒலி நிற்கும், அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது. சாவியை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் முதலில் வண்டிக்குக் கீழே பாருங்கள்.